காரை நிறுத்தினால் எண்ணெய்க் கணக்கு தீருமா?

செக்காலையிலிருந்து ஒரு தம்பி கேட்டது, 14 ஜூன் 2025:
அண்ணே, இஸ்ரேல் ஈரானை அடித்ததும் கச்சா எண்ணெய் ஒரே நாளில் ஏறிவிட்டது. நம் நாடு இவ்வளவு எண்ணெய் வாங்குவதற்குக் காரணமே கார்தான். ஊருக்குள் பார்த்தாலே தெரிகிறது, வீட்டுக்கு இரண்டு நிற்கிறது. காரையெல்லாம் பேட்டரிக்கு மாற்றிவிட்டால் அங்கே யார் அடித்துக்கொண்டாலும் நமக்கு என்ன?

15 ஜூன் 2025

தம்பி, கார் குறையட்டும், எனக்கும் சம்மதம். ஆனால் காரில் தொடங்கினால் கணக்கு வேறெங்கோ போய் முடியும். 2024-25இல் நாடு செலவழித்த பெட்ரோலியப் பொருள்கள் மொத்தம் சுமார் 239 மில்லியன் டன். அதில் டீசல் மட்டும் 91. பெட்ரோல் 40. சமையல் கேஸ் 31. மிச்சத்தில் விமான எரிபொருள், நாப்தா (உரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகிற லேசான எண்ணெய்), தார், பெட்கோக், உலை எண்ணெய், மசகு எண்ணெய் எல்லாம் அடக்கம். அதாவது பெட்ரோல் ஆறில் ஒரு பங்கு.

அந்த ஆறில் ஒரு பங்கிலும் கார் பாதிகூட இல்லை. பெட்ரோலிய அமைச்சகத்துக்காக நீல்சன் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பு 2014 ஜனவரியில் வெளியானது. பெட்ரோலில் 61 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வண்டி, கார் 34 சதவீதம். அதே கணக்கில் டீசலில் 70 சதவீதம் போக்குவரத்துக்கு: லாரி, சின்ன சரக்கு வண்டி 28, பஸ் ஒன்பதரை, சொந்தக் கார் 13. விவசாயத்துக்கு 13. அதற்குப் பிறகு பத்து வருஷம் போய்விட்டது, கார் கூடியிருக்கும். ஆனாலும் டீசலை மற்ற எல்லாரையும்விட அதிகமாகக் குடிப்பது சரக்குதான். நாம் ஓட்டிப்போகிற கார் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

15 ஜூன், இரவு

காரை விட்டுவிடுவோம். வண்டியே இல்லாத ஒரு பொருளை எடுத்துக்கொள். நான் கோட்டையூரில் பலகாரம் போட்டு விற்கிறவன். கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்புகிறோம், கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால் மொத்தமாகவும் போகும். ஒரு முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்து அதற்குள் எண்ணெய் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தால் காரைப் பற்றிய பேச்சே சின்னதாகிவிடும்.

பச்சரிசி லாரியில் வருகிறது, டீசல். அந்த நெல்லை உழுத டிராக்டர் டீசல், அறுத்த பெல்ட் மெஷின் டீசல். வயலுக்குப் போட்ட யூரியா இயற்கை எரிவாயுவில் செய்தது. உளுந்து நம் நாட்டு விளைச்சல் போதாமல் பர்மாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து கப்பல். அந்தக் கப்பல்களெல்லாம் குடிப்பதும் எண்ணெய்தான். இங்கே வந்தபின் அடுப்புக்குக் கமர்ஷியல் சிலிண்டர், பத்தொன்பது கிலோ. பொரித்து ஆறவைத்து அடைக்கிற கவர் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன், எல்லாம் பெட்ரோலியத்தில் பிறந்தவை. அட்டைப்பெட்டியை ஒட்டுகிற டேப்பும் அப்படித்தான். அப்புறம் ஆம்னி பஸ்ஸின் வயிற்றில் ஏற்றி ராத்திரியே அனுப்புகிறோம், அதுவும் டீசல்.

இதில் கார் எங்கேயும் வரவில்லை பார்.

இன்னொன்று விட்டுப்போகிறது. முறுக்கு சுற்றுகிற பெண்கள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். 2021லிருந்து அவர்களுக்கு டிக்கெட் இல்லை. அதற்கு முன்னால் சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போய்விடும் என்பதால் வராமல் நின்றவர்கள் உண்டு. அந்த பஸ் குடிக்கிற டீசலைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். நாட்டில் எண்ணெய் குறைய வேண்டும் என்றால் கடைசியாகக் கைவைக்க வேண்டிய இடம் அதுதான்.

17 ஜூன்

பள்ளத்தூர் அண்ணன் ஒருவர் கேட்கிறார்: "எண்ணெயை வாங்குகிற நாடு பெட்ரோலையும் டீசலையும் வெளியே விற்பானேன்? அதை இங்கேயே வைத்துக்கொண்டால் குறைவாக வாங்கலாமே."

நல்ல கேள்வி, பலர் இதில் தடுமாறுகிறார்கள். அண்ணே, கச்சா எண்ணெய் முழு ஆடு மாதிரி. ஈரல் மட்டும் வேண்டும் என்று ஆட்டை வாங்க முடியாது; தலை, கால், குடல், தொடை எல்லாம் சேர்ந்துதான் வரும். சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரிக்குக் காய்ச்சிக் கோபுரத்தில் ஏற்றுகிறார்கள். மேலே வாயு, அதற்குக் கீழே நாப்தா, பெட்ரோல், அப்புறம் மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும், அதற்கும் கீழே டீசல், அடியில் தாராகப் போகிற கசடு. கனமானதை உடைத்து லேசானதாக்க இயந்திரங்கள் உண்டு, அதனால் பங்கைக் கொஞ்சம் நகர்த்தலாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று தள்ள முடியாது.

நம் ஆலைகளின் மொத்தத் திறன் வருஷத்துக்குச் சுமார் 258 மில்லியன் டன், நாம் செலவழிப்பதைவிடக் கூட. குஜராத்தின் ஜாம்நகர் மாதிரி ஆலைகள் வெளிநாட்டுக்கு விற்பதை மனதில் வைத்தே கட்டப்பட்டவை. ஆகவே பெட்ரோல், டீசல் மிஞ்சுகிறது, விற்கிறோம். அதே நேரத்தில் சமையல் கேஸ் பாதிக்குமேல் வெளியிலிருந்து வருகிறது, ஏனென்றால் காய்ச்சும்போது கிடைக்கிற கேஸ் மொத்தத்தில் கொஞ்சம்தான். 31 மில்லியன் டன் எரிக்கிறோம், இங்கே உற்பத்தி 13க்கும் குறைவு.

தம்பி, உன் கேள்விக்கு இதிலும் ஒரு பதில் இருக்கிறது. காரெல்லாம் பேட்டரிக்குப் போனால் பெட்ரோல் மிஞ்சும், வெளியே விற்பார்கள், நல்லது. லாரிக்கு டீசல் வேண்டியிருக்கிறவரை கச்சா எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

19 ஜூன்

புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கிற ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்க பாய்லருக்கு எண்ணெய் சொட்டுகூட வேண்டாம், உமிதான்." உண்மை. புதுவயலில் நெல் அவிக்கிற நீராவி முழுக்க உமியில் எரிகிறது, சாம்பலும் வீணாவதில்லை. இதை நான் முதலிலேயே எழுதியிருக்கலாம், ஏனென்றால் ஒரு தொழில் தன் கழிவையே எரித்துத் தன் வேலையை முடிக்கிறது என்பதற்கு நம் பக்கத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனால் அதே ஆலைகள் 2012இல் எப்படி ஓடின என்று அவரிடமே கேளுங்கள். சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இல்லாத காலம். நான் அப்போது புதுவயலில் ஓர் ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கின பில்களை எழுதி எழுதி முடியாது. பேரல் பேரலாக டிராக்டரில் கொண்டுவருவார்கள். மின்சாரம் இல்லாத இடத்தையெல்லாம் டீசல் வந்து நிரப்பியது: ஆலை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், செல்போன் டவர். அந்த வருஷங்களில் சின்ன ஆலைக்காரர்கள் பலர் நிறுத்திவிட்டார்கள். டீசல் விலையில் அரிசி அரைத்தால் கட்டுபடியாகாது.

எண்ணெய்ச் செலவைக் குறைக்க முதல் வழி என்ன என்று கேட்டால் கரண்ட் நிற்காமல் வருவதுதான் என்பேன். பேட்டரி வண்டி அதற்குப் பிறகுதான்.

23 ஜூன்

நேற்று அமெரிக்காவும் ஈரானை அடித்துவிட்டது. பாரசீக வளைகுடாவின் வாயான ஹோர்முஸ் நீரிணையை மூடலாம் என்று ஈரான் நாடாளுமன்றம் சொல்கிறது. உலக எண்ணெயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்த வாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. டிவியில் எல்லாரும் பெட்ரோல் விலையைப் பேசுகிறார்கள். எனக்குப் பயம் சிலிண்டரைப் பற்றி.

கச்சா எண்ணெய்க்கு மாற்று வழி இருக்கிறது. 2022க்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து நிறைய வாங்குகிறோம், மேற்கு ஆப்பிரிக்கா, அமெரிக்கா எல்லாம் உண்டு. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் மூன்று இடத்திலும் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் கச்சா எண்ணெய் கொள்ளும் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். சமையல் கேஸ் அப்படியில்லை. இறக்குமதியாகிற கேஸில் மிகப் பெரும்பங்கு கத்தார், அமீரகம், குவைத், சவூதி பக்கத்திலிருந்து வருகிறது, எல்லாம் அதே நீரிணை வழி. விசாகப்பட்டினத்தில் கேஸுக்கென்று ஒரு பாறைக் கிடங்கு இருக்கிறது, கொள்ளளவு 60,000 டன். நாடு ஒரு நாளைக்கு எரிக்கிற கேஸ் சுமார் 85,000 டன். கூட்டிக் கழித்துப் பாருங்கள், அந்தக் கிடங்கு ஒரு நாளைக்கே காணாது. துறைமுகத் தொட்டிகளிலும் நிரப்பு நிலையங்களிலும் இன்னும் கொஞ்சம் இருக்கும், சரி. ஆனாலும் கச்சா எண்ணெய்க்குச் செய்த ஏற்பாட்டில் கால்வாசிகூடச் சமையல் கேஸுக்குச் செய்யவில்லை. எரிவதோ வீட்டு அடுப்பு.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2007 முதல் அரசு கேஸ் அடுப்பு இலவசமாகக் கொடுத்தது. 2016 மே மாதம் மத்திய அரசு ஏழை வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு கொடுக்கும் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியது, அதில் மட்டும் 10 கோடிக்கு மேல் இணைப்பு. மறுபக்கம் மண்ணெண்ணெய் 2014-15இல் 70 லட்சம் டன் செலவானது, இப்போது 5 லட்சம்கூட இல்லை. கிருஷ்ணாயில் டின்னைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடையில் நின்ற தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் காப்பாற்றிய மாற்றம். ஒரு நாட்டின் எண்ணெய்ச் செலவில் முழுக்க நியாயமான கூடுதல் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அப்படிப்பட்ட அடுப்பை ஒரே ஒரு கடல் வாயில் தொங்கவிட்டிருக்கிறோம்.

23 ஜூன், பிறகு

தேவகோட்டை ஆச்சி ஒருவர் கேட்கிறார்: "அப்ப விறகுக்கே போய்ற வேண்டியதுதானா? சீமைக்கருவை கெடக்கு ஊரு பூராம்."

ஆச்சி, வேண்டாம். எங்களிடம் முன்னால் விறகடுப்புத்தான். இருப்புச்சட்டி முன்னால் நின்ற அம்மாக்களுக்கு மத்தியானத்துக்குள் கண் சிவந்துவிடும், இருமல் ஓயாது. சூடும் ஒரே சீராக நிற்காது. ஒரு ஈடு வெளுப்பாக வரும், அடுத்தது கருகும். கேஸுக்கு மாறிய பிறகு அவர்கள் பேசிக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்தேன், அதற்கு முன்னால் பேச மூச்சு இருந்ததில்லை. சீமைக்கருவையைக் கரி மூட்டம் போட்டு வெளியூருக்கு அனுப்புவது வேறு விஷயம். மூடின சமையற்கட்டுக்குள் மறுபடி புகையைக் கொண்டுவருவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

25 ஜூன்

சண்டை நிறுத்தம். கச்சா எண்ணெய் விலை இறங்கிவிட்டது.

நம் ஊர் பெட்ரோல் பல்க்கில் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, கவனித்தீர்களா? பெட்ரோல் விலையைத் தானே வைப்பதை அரசு 2010 ஜூனில் விட்டுவிட்டது, டீசலை 2014 அக்டோபரில். 2017 ஜூன் 16 முதல் தினமும் மாறும் என்றார்கள். ஆனால் 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைத்த பிறகு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. நடுவில் இந்த ஏப்ரலில் மத்திய அரசு லிட்டருக்கு 2 ரூபாய் வரியைக் கூட்டியது, அப்போதும் பல்க்கில் விலை மாறவில்லை, கச்சா எண்ணெய் மலிவாக இருந்ததால் கம்பெனிகள் தாங்கிக்கொண்டன. எண்ணெயை நாடு எதற்கெல்லாம் பயன்படுத்துகிறது என்ற பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும்: வரி வசூலிக்க. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இது கைவிட முடியாத வருமானம். பெட்ரோலும் டீசலும் இன்றுவரை ஜிஎஸ்டிக்குள் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

காரெல்லாம் பேட்டரிக்குப் போனால் இந்த வரிப்பணத்தை எங்கே பிடிப்பார்கள் என்பதையும் யோசித்து வை, தம்பி. பள்ளிக்கூடமும் ரேஷனும் ஓடுவது அதிலும்தான்.

29 ஜூன்

மேலே உளுந்தைப் பற்றி எழுதும்போது பர்மா என்று எழுதினேன். அதைத் திரும்பப் படித்ததும் வேறொன்று நினைவுக்கு வந்தது, கொஞ்சம் விலகிப் போகிறேன்.

நம் பக்கத்தில் பர்மா என்றால் தேக்கும் வட்டிக்கடையும் நெல்லும் நினைவுக்கு வரும். எண்ணெய் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இந்தியாவில் நிறைய விளக்குகள் எரிந்தது பர்மா மண்ணெண்ணெயில். ஸ்காட்லாந்துக்காரர்கள் 1886இல் தொடங்கிய பர்மா ஆயில் கம்பெனி யெனாஞ்சாங் கிணறுகளிலிருந்து எடுத்து, ரங்கூனுக்கு எதிரே சிரியத்தில் சுத்திகரித்து, கப்பலில் இங்கே அனுப்பியது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டபோது எரிந்ததும் இந்தக் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்தான். நம் வளவு வீடுகளில் தொங்கிய லஸ்தர் விளக்குகளுக்கும் அரிக்கேன் விளக்குகளுக்கும் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வந்த வழிகளில் ஒன்று இதுதான்.

பர்மா 1937 ஏப்ரல் வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். பிரிந்த அன்றைக்கு இந்தியா தன் மண்ணில் எடுத்துக்கொண்டிருந்த எண்ணெயில் பெரும்பகுதி வெளிநாட்டு எண்ணெயாகிவிட்டது. மிஞ்சியது அஸ்ஸாமின் டிக்பாயும் பஞ்சாப் பக்கத்துக் கிணறுகளும்தான். நாம் இறக்குமதிக்காரர்கள் ஆனது இந்தக் காருக்கெல்லாம் ரொம்ப முன்னால்.

எங்கள் ஐயா ரங்கூனில் ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே திரும்பியவர்களில் அவரும் ஒருவர். வானம் கறுத்துக் கிடந்ததை மட்டும் அடிக்கடி சொல்வார். சிரியம் ஆலையையும் யெனாஞ்சாங் கிணறுகளையும் எதிரி கையில் சிக்கக்கூடாது என்று வெள்ளைக்காரர்களே எரித்துவிட்டுப் போனார்கள் என்பதை நான் பிற்பாடு படித்தேன்.

அந்தக் கம்பெனியின் இந்திய வியாபாரம் 1928இல் பர்மா ஷெல் ஆனது. 1976இல் அரசு எடுத்துக்கொண்டது, அடுத்த வருஷம் பாரத் பெட்ரோலியம் என்று பேர் வைத்தார்கள். ரங்கூனில் நம் ஆட்களின் கடைகளுக்குப் பக்கத்தில் இருந்த கம்பெனி, பேர் மாறி இன்றைக்கு நம் தெருவுக்கே சிலிண்டர் போடுகிறது.

3 ஜூலை

இது யாரும் கேட்காத கணக்கு, எனக்கே தோன்றியது. 2024-25இல் நாடு கச்சா எண்ணெய் வாங்கக் கொடுத்தது சுமார் 13,700 கோடி டாலர். அதே வருஷம் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் சுமார் 13,500 கோடி டாலர் என்று ரிசர்வ் வங்கிக் கணக்கு சொல்கிறது. கிட்டத்தட்ட சமம்.

சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை மூன்று மாவட்டத்துக்காரர்களுக்கும் இந்த இரண்டு எண்ணும் ஒரே வீட்டுக்குள் இருப்பது தெரியும். எங்கள் தெருவில் ஒரு பையன் சிங்கப்பூரில் ஜூரோங் தீவில் சுத்திகரிப்பு ஆலைக்குக் குழாய் வெல்டிங் செய்கிறான். இன்னொருவன் குவைத்தில். எண்ணெய்க்காக வெளியே போகிற டாலரின் ஒரு துளி, எண்ணெய் வேலை செய்கிற இவர்கள் வழியாகத்தான் திரும்பி வருகிறது. வளைகுடாவில் குண்டு விழுந்தால் நமக்கு என்ன என்று கேட்டாயே தம்பி, அந்தக் குவைத் பையனின் அம்மாவிடம் போய்க் கேட்காதே.

6 ஜூலை

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள்: "அப்படியானால் நம் மண்ணுக்குக் கீழே இருப்பதை எடுக்கச் சொல்கிறீர்களா? நெடுவாசலை மறந்துவிட்டீர்களா?"

மறக்கவில்லை. 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மக்கள் உட்கார்ந்தபோது நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். அதே வருஷம் ஜூன் கடைசியில் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியது. விவசாயி பயந்தது வீண் பயம் இல்லை. 2020இல் மாநில அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டது, புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களும் அதில் வருகின்றன.

எண்ணெயைத் தேடுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாடு முழுக்க இப்போது எடுப்பது வருஷத்துக்கு 28, 29 மில்லியன் டன் கச்சா எண்ணெய். தேவையில் 88 சதவீதம் வெளியிலிருந்து வருகிறது. இங்கே எடுப்பதில் பெரும்பங்கு மும்பைக்கு வெளியே கடலிலும் ராஜஸ்தானிலும் அஸ்ஸாமிலும் குஜராத்திலும் கிடைப்பது. காவிரிப் படுகையில் கிடைப்பது இந்தக் கணக்கில் ஓரத்தில் நிற்கிற தொகை. அந்த ஓரத்துக்காக மூன்று போகம் விளைகிற மண்ணையும் நிலத்தடி நீரையும் பணயம் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. நம் வானம் பார்த்த பூமியிலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தத் தண்ணீரின் மதிப்பு இன்னும் கூடுதலாகவே தெரியும்.

10 ஜூலை

விட்டுப்போனவை, சுருக்கமாக.

நாப்தா: தூத்துக்குடி ஸ்பிக் ஆலை யூரியாவை நாப்தாவில்தான் செய்துகொண்டிருந்தது. ராமநாதபுரத்திலிருந்து எரிவாயுக் குழாய் 2021இல் வந்த பிறகு மாறியது. ஒரு மூட்டை யூரியாவுக்குப் பின்னால் நம் மாவட்ட எல்லைக்கு அடுத்த கிணறுகள் இருக்கின்றன.

பெட்கோக்: சுத்திகரிப்பின் கடைசிக் கசடு, பார்க்க நிலக்கரி மாதிரி. சிமெண்ட் சூளைகள்தான் இதைப் பெரிதாக எரிக்கின்றன. சிமெண்டில் செய்கிற ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சுடுவதில்லை, கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் போட்டு வெயிலில் காயவைக்கிறோம், அதில் எரிபொருளே இல்லை என்று பெருமையாகச் சொல்வோம். சிமெண்டுக்குள் அது ஏற்கெனவே எரிந்து முடிந்திருக்கிறது.

தார்: திருச்சி ரோடு முழுக்க அதுதான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் குப்பைப் பிளாஸ்டிக்கை உருக்கி ஜல்லியில் பூசித் தாரோடு சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார், 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தாரும் கொஞ்சம் மிச்சம், ரோடும் மழைக்குத் தாங்குகிறது. நான் அனுப்புகிற முறுக்குக் கவர் கடைசியில் ரோட்டுக்குள் போய்ச் சேர்ந்தால் எனக்கு நிம்மதி. பனையோலைக் கொட்டானில் போட்டு விற்றுப் பார்த்தோம், பார்க்க லட்சணமாக இருக்கும், ஊர் தாண்டுவதற்குள் நமுத்துவிடும். சீர் வரிசைக்குக் கொட்டான், பார்சலுக்குக் கவர் என்று பிரித்துக்கொண்டோம்.

13 ஜூலை

செக்காலைத் தம்பி திரும்ப வந்திருக்கிறான். "அண்ணே, அப்ப பேட்டரியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று.

அடடா, காரைக்குடியில் இருந்துகொண்டு அதைச் சொல்வேனா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று திறந்த மின்வேதியியல் ஆய்வகம், சிக்ரி, நம் ஊரில் நிற்கிறது. நாடு எண்ணெயைத் தேடிக்கொண்டிருந்த காலத்திலேயே பேட்டரியைத் தேடின இடம். லித்தியம் பேட்டரியில் இன்றைக்கும் வேலை நடக்கிறது.

நான் கேட்பது வரிசை மட்டும். எண்ணெய் ஒரே பொருளாக வந்தாலும் பத்துப் பொருளாகப் பிரிந்து பத்து வேலைக்குப் போகிறது. எந்த வேலைக்கு மாற்று இன்றைக்கே கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெட்ரோலில் பெரும்பங்கு குடிக்கும் இருசக்கர வண்டிக்கு இருக்கிறது. ஓசூர்ப் பக்கமே செய்கிறார்கள். அதனால் பேட்டரியை முதலில் ஸ்கூட்டரில் போடு, உன் மாமாவின் பெரிய கார் பிறகு வரட்டும். ரயிலுக்கு மாற்று வந்தே விட்டது: அகலப் பாதையில் ஏறக்குறைய முழுக்க மின்சாரம், நம் திருச்சி, காரைக்குடி, மானாமதுரை வழியிலும் கம்பி ஓடுகிறது. ஆகவே லாரியில் போகிற அரிசியும் சிமெண்டும் ரயிலில் ஏறினால் டீசல் உடனே குறையும். இதுதான் பெரிய கணக்கு, இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. காரைக்குடியில் சின்ன வியாபாரி ஒரு பெட்டி சரக்கை ரயிலில் ஏற்றி மறுநாள் சென்னையில் எடுக்க முடிகிற மாதிரி யாராவது ஏற்பாடு செய்தால் ஆம்னி பஸ்ஸை நான் அன்றைக்கே விட்டுவிடுவேன். விமானத்துக்கும் கப்பலுக்கும் நாளாகும். தாருக்கும் பிளாஸ்டிக்குக்கும் இன்னும் நாளாகும்.

பெட்ரோலுக்குப் பதில் எத்தனால் ஊற்றலாமே என்று கேட்டவருக்கு: பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கிறார்கள், வெளியே போகிற டாலர் மிச்சம், சரி. ஆனால் கரும்போடு மக்காச்சோளமும் அரிசியும் அதற்குள் போகின்றன. மக்காச்சோளம் விலை ஏறினால் நாமக்கல் கோழித்தீவனம் ஏறும், முட்டை ஏறும். எண்ணெயை நிலத்துக்குக் கீழே இருந்து எடுக்காமல் நிலத்துக்கு மேலே இருந்து எடுக்கிறோம், தண்ணீர் செலவழித்து. தண்ணீர் இல்லாத சீமையிலிருந்து பார்த்தால் இது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை.

15 ஜூலை

தேவகோட்டை ஆச்சிக்கு: "அம்புட்டும் பேசுறீகளே, உங்க பட்டறையில கரண்டு அடுப்பு வச்சீகளா?" என்று கேட்டது நியாயமான கேள்வி. விசாரித்தேன் ஆச்சி. இண்டக்ஷன் அடுப்புக்குத் தட்டையான அடி வேண்டும், நம் இருப்புச்சட்டி குழி. குழிச்சட்டிக்கென்று பெரிய அடுப்பு வருகிறது, ஆனால் அந்த லோடுக்கு மின்வாரியத்தில் தனியாக எழுதிக் கேட்க வேண்டும், எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்பதையும் அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். முறுக்கு பொரிக்கும்போது நடுவில் கரண்ட் போனால் ஒரு ஈடு முழுக்க எண்ணெய் குடித்துவிடும். அதனால் பொரிக்கிற அடுப்பு கேஸிலேயே இருக்கும். மாவு வறுப்பதையும் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவதையும் கரண்டுக்கு மாற்றப்போகிறோம், தட்டையான அண்டா போதும், நடுவில் நின்றாலும் கெடாது. அண்டாவுக்குச் சொல்லியாகிவிட்டது, ஆடிக்குள் வந்துவிடும்.